சாளரத்தைச் சாத்தினால் வீடு காலியாகிவிடாது

நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் தனியே வசிக்கும் ஐயா ஒருவரின் கணினியைப் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகள் கனடாவில். "தம்பி, வீடியோ கோல் எடுக்கிற அதை எக்ஸ் அமத்தி மூடிப்போட்டன். பிறகும் மணி அடிக்குது. ஆரோ உள்ளுக்கை பூந்திட்டாங்கள் போல" என்றார். பயத்தில் இரண்டு நாட்களாக மின்னிணைப்பையே கழற்றி வைத்திருந்தார். பேத்தியோடு பேசவும் இல்லை.

யாரும் உள்ளே புகவில்லை. திரையின் வலது மூலையில், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அம்புக்குறியை அழுத்திக் காட்டினேன். அதற்குள் அந்தச் செயலியின் சின்னம் இருந்தது. அவர் மூடியது சாளரத்தை மட்டும்தான். கடற்காற்றுக்கு யன்னலைச் சாத்திய வீட்டுக்குள் ஆட்கள் வழமைபோல் சமைத்துக்கொண்டு இருப்பதில்லையா? இதுவும் அப்படித்தான்.

எந்தச் செயலி ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பதைக் கணினி சில அடையாளங்களால் சொல்கிறது. அவற்றைப் பிழையாக வாசிப்பதால் பயமும் வீண் செலவும் வருகின்றன. சில வேளை பல மணி நேர வேலையும் பறிபோகிறது. நான் அடிக்கடி கேட்கும் எட்டு நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை 1: எக்ஸ் அடித்தால் செயலி நின்றுவிடும்.

உண்மை: விண்டோஸில் பல செயலிகள் நிற்கும், எல்லாமே அல்ல. அழைப்பும் செய்தியும் வாங்கும் செயலிகள் மணிக்கூட்டுப் பக்கம் ஒதுங்கி, பின்னணியில் ஓடியபடி இருக்கும். அப்படி ஓடினால்தான் அழைப்பு வந்ததும் அவற்றால் மணி அடிக்க முடியும். முழுதாக நிறுத்த, அந்தச் சின்னத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி 'எக்சிட்' அல்லது 'குவிட்' கொடுக்கவேண்டும். அப்பிளின் மக் கணினியில் விதியே வேறு. இடது மூலையிலுள்ள சிவப்புப் பொத்தான் சாளரத்தை மட்டும் மூடும். பெரும்பாலான செயலிகள் தொடர்ந்து ஓடும். அவற்றை நிறுத்த கொமாண்டும் கியூவும் சேர்த்து அழுத்தவேண்டும்.

பொதுக் கணினியில் இந்த நம்பிக்கை ஆபத்தாகவே முடியும். கொட்டாஞ்சேனையில் ஒரு கொமினிகேசனில் வரிசையில் நின்றபோது கண்டது இது. ஒரு பிள்ளை தன் மின்னஞ்சலைப் பார்க்க உலாவியைத் திறந்தாள். முன்னர் வந்து போனவரின் அஞ்சல்பெட்டி அப்படியே திறந்தது. முதல் கடிதத்திலேயே கடவுச்சீட்டுப் பிரதி. வந்து போனவர் எக்ஸ் அடித்துத்தான் எழுந்திருப்பார். ஆனால் உலாவியின் சாளரத்தை மூடுவதும் கணக்கிலிருந்து வெளியேறுவதும் இரு வேறு செயல்கள். கடையில் பிறின்ட் எடுத்தால் முதலில் 'சைன் அவுட்' கொடுங்கள். தரவிறக்கிய கோப்பை அழியுங்கள். அதன் பிறகு சாளரத்தை மூடுங்கள்.

நம்பிக்கை 2: கீழ்ப்பட்டையில் சின்னம் இருந்தால் அந்தச் செயலி ஓடுகிறது.

உண்மை: ஒரு காலத்தில் இது சரியாகத்தான் இருந்தது. விண்டோஸ் 3.1 இல் சுருக்கிய செயலி, திரையின் அடியில் ஒரு குட்டிச் சின்னமாகப் போய் விழும். அதன்மேல் வேறு சாளரம் மூடிக்கொண்டால் கண்ணில் படாது. காணவில்லையே என்று அதே செயலியை மறுபடி திறந்தவர்கள் உண்டு. 1995 ஓகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95 இதற்காகவே டாஸ்க்பாரைக் கொண்டுவந்தது. திறந்த ஒவ்வொரு சாளரத்துக்கும் எந்நேரமும் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொத்தான். பொத்தான் இருந்தால் செயலி திறந்திருக்கிறது, இல்லையென்றால் மூடியிருக்கிறது.

2001 இல் வந்த மக் ஓஎஸ் எக்ஸின் 'டொக்', ஓடும் செயலியையும் ஓடாத செயலியையும் ஒரே வரிசையில் வைத்தது. 2009 இல் விண்டோஸ் 7 உம் அதே வழிக்கு வந்தது. அதனால் இன்று சின்னத்தைப் பார்ப்பது மட்டும் போதாது. சின்னத்தின் கீழே பாருங்கள். விண்டோஸ் 10, 11 இல் ஒரு சிறு கோடு, மக்கில் ஒரு சிறு புள்ளி. அது இருந்தால் ஓடுகிறது. இல்லாவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் குறுக்குவழி மட்டுமே.

நம்பிக்கை 3: 'ரிஃப்ரெஷ்' அடித்தால் கணினி வேகம் பிடிக்கும்.

உண்மை: கணினியைப் போட்டவுடன் வலது பொத்தானை அழுத்தி ஐந்தாறு தரம் ரிஃப்ரெஷ் கொடுப்பது நம்மவரின் பழக்கம். பிள்ளைகளும் பார்த்துப் பழகிவிட்டார்கள். டெஸ்க்டொப்பில் உள்ள சின்னங்களின் பட்டியலை மறுபடி வாசித்துத் திரையில் வரைவதே அதன் வேலை. புதிதாகச் சேமித்த கோப்பு கண்ணில் படாதபோது உதவும். நினைவகத்தில் அது எதையும் துடைப்பதில்லை. ஓடும் செயலி எதையும் நிறுத்துவதுமில்லை.

நம்பிக்கை 4: நினைவகம் நிரம்பியிருந்தால் 'கிளீனர்' போட்டுத் துடைக்கவேண்டும்.

உண்மை: வெறுமனே கிடக்கும் நினைவகத்தால் யாருக்கும் பயனில்லை. அதனால் அண்மையில் திறந்த கோப்புகளின் பிரதியை, மறுபடி கேட்டால் உடனே கொடுப்பதற்காக, பணிசெயல் முறைமை அதில் வைத்துக்கொள்ளும். புதிய செயலிக்கு இடம் தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றும் இதைச் செய்கின்றன. 'நினைவகம் துடைக்கும்' மென்பொருள் அந்தப் பிரதிகளை வெளியே தள்ளிவிடுகிறது. அடுத்த நிமிடம் அவற்றையே வட்டிலிருந்து மறுபடி வாசிக்கவேண்டி வரும். கணினி இன்னும் மெதுவாகும்.

உண்மையான தட்டுப்பாடும் உண்டு. 4 ஜிபி நினைவகமும் பழைய சுழல்வட்டும் உள்ள கணினியில் உலாவியின் இருபது தாவல்களைத் திறந்தால், நினைவகத்தில் இடமில்லாததை வட்டில் வைத்து எடுத்து வைத்து எடுத்துத் திண்டாடும். விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் (அதைத் திறக்கும் வழி அடுத்த நம்பிக்கையில் வருகிறது) 'மெமரி' பக்கத்தில் 'அவெய்லபிள்' என்ற இலக்கத்தைப் பாருங்கள். மக்கில் 'மெமரி பிரஷர்' வரைபு பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் எப்போதும் மிகக் குறைவாகவோ வரைபு சிவப்பாகவோ இருந்தால், புதுக் கணினி வாங்குமுன் நினைவகத்தைக் கூட்ட முடியுமா, எஸ்எஸ்டி மாற்ற முடியுமா என்று திருத்துபவரிடம் கேளுங்கள். கணினி திறக்கும்போதே தாமும் எழும்பும் செயலிகளை டாஸ்க் மனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் நிறுத்திவிடலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நம்பிக்கை 5: ஒரே பெயர் பத்துத் தரம் இருந்தால் வைரஸ்.

உண்மை: கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். மைக்ரோசொப்ட் பொறியியலாளர் டேவ் பிளம்மர் எழுதிய இந்தக் கருவி, 1996 இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது. அதில் குரோம் என்ற பெயர் பத்துப் பதினைந்து தரம் வரக் கண்டு பலர் பதறுகிறார்கள். 2008 இல் வெளிவந்த நாள் முதலே குரோம், தன் வேலையைப் பல தனி ஓட்டங்களாகப் பிரித்துத்தான் செய்கிறது. ஒரு தாவல் முடங்கினாலும் மற்றவை பிழைக்கட்டும், ஒரு தளம் இன்னொன்றின் தகவலைத் தொடாதிருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

'டீடெயில்ஸ்' பகுதியில் 'சிஸ்டம் ஐடில் புரொசெஸ்' 95 வீதம் எடுக்கிறது என்று ஒரு மாணவன் அதை நிறுத்தப் பார்த்தான். அது சிபியு சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. 95 என்றால் கணினிக்கு வேலையே இல்லை என்று பொருள். நச்சு மென்பொருளும் பழகிய பெயர்களில் ஒளிவது உண்டு. அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பெயரின்மேல் வலது பொத்தானை அழுத்தி, கோப்பு எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள்.

நம்பிக்கை 6: 'நொட் ரெஸ்பொண்டிங்' என்றால் செயலி செத்துவிட்டது.

உண்மை: ஒரு செயலி 5 செக்கனாகத் தன் சாளரத்துக்கு வரும் செய்திகளை எடுத்துப் பார்க்காவிட்டால், விண்டோஸ் அந்தப் பெயர்ப்பலகையை மாட்டிவிடும், சாளரமும் வெளிறிப்போகும். செயலி உண்மையில் முடங்கியிருக்கலாம். பெரிய கணக்கொன்றைச் செய்துகொண்டு திரும்பிப் பார்க்க நேரமில்லாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆண்டிறுதி இருப்புக் கணக்குள்ள எக்செல் கோப்பு வெளிறியதும் 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால், சேமிக்காத வேலை போய்விடும். அந்த நிறுத்தத்தில் 'சேமிக்கவா?' என்ற கேள்விக்கு இடமில்லை. முதலில் டாஸ்க் மனேஜரில் சிபியுவையும் வட்டையும் பாருங்கள். இலக்கங்கள் அசைகின்றனவென்றால் வேலை நடக்கிறது. ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். நெடுநேரமாக எல்லாம் பூச்சியத்தில் நின்றால் அப்போது நிறுத்துங்கள்.

நம்பிக்கை 7: இரவில் 'ஷட்டவுன்' செய்தால் காலையில் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

உண்மை: கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் தினமும் கணினியை நிறுத்திவிட்டுத்தான் கதவு பூட்டுவார்கள். ஆனாலும் டாஸ்க் மனேஜரின் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' 19 நாள் என்று காட்டியது. முதலாளியால் நம்பவே முடியவில்லை. 2012 இல் விண்டோஸ் 8 உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இதற்குக் காரணம். அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் செயலிகள் மூடப்படும். ஆனால் பணிசெயல் முறைமையின் கருப்பகுதி வட்டில் எழுதப்பட்டு, காலையில் அப்படியே மீண்டும் ஏற்றப்படும். நேற்றைய சிக்கலும் கூடவே வரலாம். முழுதாகப் புதிதாகத் தொடங்க 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அவர்கள் கொடுத்தார்கள், கிழமைக் கணக்காக முரண்டுபிடித்த பிறின்டர் அன்றே வேலை செய்தது.

நம்பிக்கை 8: 'ஸ்லீப்'பில் விட்டால் திறந்த வேலை பத்திரம்.

உண்மை: சாதாரண ஸ்லீப்பில் திறந்த செயலிகள் யாவும் நினைவகத்தில் இருக்கும், நினைவகத்துக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுதும் மின்சாரம் போனதற்கு யாரும் முன்னறிவித்தல் தரவில்லை. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் அந்த நொடியே சேமிக்காத வேலை அழியும். சில மேசைக் கணினிகளில் ஸ்லீப்போடு வட்டிலும் ஒரு பிரதி எழுதும் வசதி உண்டு. உங்களுடையதில் இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். 'ஹைபர்நேட்' எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தை விடுகிறது. அதற்கும் முன், மேசையை விட்டு எழும்பும்போதெல்லாம் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமியுங்கள்.

வெள்ளவத்தை ஐயாவிடம் போன மாதம் மறுபடி போனேன். கணினியை நிறுத்துமுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மணிக்கூட்டுப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தினார். உள்ளே மூன்று சின்னங்கள். இரண்டை எக்சிட் செய்தார். மூன்றாவதில் கை வைக்கவில்லை. "இது கிடக்கட்டும் தம்பி. ஏழு மணிக்குப் பேத்தி எடுப்பாள்" என்றார்.