நஞ்சினின்று பிறந்த மருந்து

இரத்தக் கொதிப்புக்கு நாம் வழங்கும் எனலாப்ரில், ராமிப்ரில் முதலிய மருந்துகளுக்கு மூத்தது காப்டோப்ரில். பிரேசில் நாட்டுக் குழிவிரியனின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகத் தோன்றிய அது, 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அநுமதி பெற்றது.

இரத்தக் குழாய்களைச் சுருக்கும் இரண்டாம் ஆஞ்சியோடென்சின் உண்டாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. அதனால் கொதிப்புத் தணியும், தளர்ந்த இருதயத்தின் சுமை குறையும். ஆயின் சிறுநீரகம் வடிகட்டுதற்கும் பொட்டாசியத்தைக் கழித்தற்கும் துணைநிற்பதும் அப்பொருளே. ஆதலின் மருந்து தொடங்குமுன்னும், தொடங்கி இரண்டொரு வாரத்திலும் இரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவை நாம் சோதித்தறிதல் வேண்டும்.

வறட்டிருமல் வருத்தின் வேறு மருந்திற்கு மாற்றலாம். உதடும் நாவும் வீங்கினாலோ உடனே நிறுத்தி, இவ்வினத்தை மீண்டும் அளியாதிருத்தல் வேண்டும். கருவுற்ற மாதர்க்கு இவை விலக்கு.

மருந்துச் சீட்டு எழுதியதோடு நம் கடமை முடிவதன்று. பின்னர்ச் சோதித்தலும் அச்சீட்டின் பகுதியே.