சீன வைத்தியத்தில் ஈச்சுரமூலிச் சாதி: பயனும் எச்சரிக்கையும்

உலர் வலயத்துப் பற்றைகளிற் படரும் ஈச்சுரமூலியைக் கமக்காரர் பலர் அறிவர். இதுவும் ஆடுதின்னாப்பாளையும் அரிசுத்தொலோக்கியா என்னும் ஒரே தாவரச் சாதியைச் சேர்ந்தவை. இச்சாதியின் வேறு சில இனங்கள் சீன வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கின. மஞ்சூரிய இனத்தின் தண்டு ‘குவான் முதொங்’ எனப்பட்டது. சிறுநீர் நன்கு பிரிவதற்கு அது கொடுக்கப்பட்டது. தென்சீன இனமொன்றின் வேரான ‘குவாங் பாங்சி’ வீக்கத்துக்கும் மூட்டு நோவுக்கும் பயன்பட்டது. இருமலுக்குக் காய் உதவிற்று.

தீமை பெயர் வழியாக வந்தது. முதொங், பாங்சி என்னும் பெயர்கள் இச்சாதியைச் சேராத வேறு கொடிகளுக்கும் உரியவை. பெல்சியம் நாட்டின் பிரசெல்சு நகரில், 1990ஆம் ஆண்டளவில், உடல் மெலிவதற்கென வழங்கிய குளிகைகளில் ஒரு பாங்சிக்குப் பதிலாக மற்றையது சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், சிறுநீரகம் பழுதுற்றனர். இச்செடிகளிலுள்ள அரிசுத்தொலோக்கிக்கமிலமே காரணம். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிப்பதோடு, சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயையும் உண்டாக்கும். தொடக்கத்தில் நோவு தோன்றாமையால் நோயாளி அறிவதில்லை. சீன அரசாங்கம் 2003இல் குவான் முதொங்கை விலக்கியது.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தன்யூப்பு நதியின் கிளையாறுகளை அடுத்த கிராமங்களில் நிகழ்ந்ததாகும். அங்கே பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகம் சுருங்கி மக்கள் மாண்டனர். பல்கேரிய வைத்தியர் 1956இல் இந்நோயை விவரித்தனர். காரணத்தை நீரிலும் மண்ணிலும் பல்லாண்டு தேடினர்; அது உண்ணும் பாணிலேயே இருந்தது. கோதுமை வயலில் இச்சாதிக் களையொன்று மலிந்திருந்தது. அதன் விதை கோதுமையோடு அறுவடையாகி, மாவாக அரைபட்டது. சூட்டடுப்பில் வெந்தும் நஞ்சு நீங்கவில்லை. நோயாளரின் சிறுநீரகத்தில் அவ்வமிலத்தின் சுவடு இருப்பது 2007இல் காட்டப்பட்டது.

ஈச்சுரமூலியிலும் இவ்வமிலம் உண்டு. காய்ச்சி வடித்தாலும், தேனிற் குழைத்தாலும் அது தீராது. ஆடும் தின்னாதென்று மற்றையதற்கு முன்னோர் இட்ட பெயர் வீணன்று போலும். இந்நாட்டு உலர் வலயக் கமக்காரரைப் பீடிக்கும் சிறுநீரக நோய்க்கு இம்மூலிகையே காரணமென நிறுவப்படவில்லை. ஆயினும் அந்நோயுள்ள இடங்களில் இதனை உட்கொள்ளாதிருத்தலே தக்கது. பாம்பு கடித்தவருக்கு இதன் வேரை அரைத்துக் கொடுத்துக் காலந்தாழ்த்தலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். நஞ்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு.

பயிர் நிலத்தினுள் இக்கொடி முளைத்தால் பூக்குமுன் வேரோடு அகழ்ந்தெடுக்க. காய் முற்றினால் அடிப்பக்கமாக வெடித்து, தொங்கும் சிறு கூடைபோல விரியும்; தட்டையான விதைகள் காற்றிற் பரவும். விதைத் தானியத்தை மூடையிற் கட்டுமுன் சுளகிற் புடைத்து, அந்நிய விதைகளை வேறாக்குக. கடையில் வாங்கும் கலவை மூலிகைத் தூளில் எந்தச் செடி சேர்ந்துள்ளதென விற்பவர் கூறவியலாராயின், அதனை வாங்காது விடுக.