பழைய கடனுக்குச் சம்மன் வந்தால்

லாங் ஐலண்டு அந்தமானில் உள்ள சிறு தீவு. அங்கே தபாலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். அந்தத் தீவில் ஒரு கடைக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவருக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வருகிறது.

கிரெடிட் கார்டு பாக்கி 38,000 ரூபாய். வட்டியோடு 92,000 ரூபாய் வேண்டும் என்று வங்கி வழக்குப் போட்டிருக்கிறது.

"வாங்காம திருப்பி அனுப்பிடு தம்பி" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

இது தவறான யோசனை. சம்மனை வாங்க மறுத்தாலும், கொடுத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். குறித்த நாளில் போகாவிட்டால், வங்கி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வந்துவிடலாம்.

கடைக்காரரின் மனைவி காகிதத்தை வாங்கிப் பார்க்கிறார். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் தேதி எண்ணில் இருக்கிறது. எண் அவருக்குப் படிக்கத் தெரியும்.

"ஏங்க, கடைசியா எப்போ பணம் கட்டினீங்க?"

"2022 மே மாசம். அடுத்த மாசமே தவறிப்போச்சு."

"வழக்குப் போட்டது 2025 நவம்பர்னு இருக்கே!"

அவர் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பணம் கட்டத் தவறிய நாளிலிருந்து பொதுவாகக் கணக்குத் தொடங்கும். சம்மன் வந்த நாள் கணக்கில்லை. வழக்குத் தாக்கலான நாள்தான் கணக்கு. கெடு தாண்டிய வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. (கொரோனா காலத்தில் 15.3.2020 முதல் 28.2.2022 வரை உள்ள நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு முந்திய பாக்கி என்றால் இதையும் பார்க்க வேண்டும்.)

புரோநோட்டுக்குக் கடன் கொடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மூன்று ஆண்டு முடியும் முன் வந்து நிற்பார்கள். "ஒரு நூறு ரூபாயாவது கொடு" என்பார்கள். நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். அவர்கள் நூறு ரூபாய்க்காக வருவதில்லை. கையெழுத்துக்காக வருகிறார்கள்.

வங்கிக் கடனும் இப்படித்தான். கெடு முடியும் முன் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டால் புதுக் கெடு தொடங்கும். கெடு முடிந்த பிறகு "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அது புதிய ஒப்பந்தம் ஆகிவிடும். வசூலுக்கு வருபவர் நீட்டும் தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. கைநாட்டும் வைக்கக் கூடாது.

"அப்போ கடனே இல்லைன்னு ஆயிடுச்சா?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

இல்லை. கடன் இருக்கிறது. வழக்குப் போட்டு வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. 1957-இல் பம்பாய் டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. விரும்பினால் அவர் கட்டலாம்.

இதையெல்லாம் வீட்டில் பேசினால் போதாது. நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலுக்கு எதிருரை என்று பெயர். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் வரை அனுமதிப்பார்கள். கடைசியாகப் பணம் கட்டிய தேதியை அதில் எழுத வேண்டும். 38,000 ரூபாய் 92,000 ஆனது எப்படி என்று கணக்கும் கேட்க வேண்டும். ரசீது, வங்கிப் புத்தகம் எதையும் தொலைக்கக் கூடாது.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்ப்பதில்லை. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100.

எந்த நீதிமன்றம், எந்த நாள் என்பது சம்மனிலேயே இருக்கும். போர்ட் பிளேர் என்ற ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். காகிதத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். அதனால் வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பே கிளம்பிவிடலாம் என்கிறார் மனைவி.

ஏற்கெனவே ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டவர்களும் உண்டு. தக்க காரணம் காட்டி, அதை நீக்கும்படி 30 நாளுக்குள் மனுப் போடலாம். சம்மனே முறையாகக் கிடைக்காதவருக்கு, தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் தொடங்கும்.