சிலிப்பர் ஆர்க்கிட்: வாடும் செடியை வாழவைப்போம்

தோட்டப்புறங்களில் பூச்செடி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. செம்பருத்தி, மல்லிகை, கனகாம்பரம் ஆகியவற்றோடு ஆர்க்கிட் செடிகளும் நம் இல்லங்களில் இடம்பெறுகின்றன. அவற்றுள் ஒரு வகையே சிலிப்பர் ஆர்க்கிட். இதன் மலரில் ஓர் இதழ், காலணியின் முன்பகுதியைப் போலப் பை வடிவில் குழிந்திருப்பதால் இப்பெயர் பெற்றது.

விலை கொடுத்து வாங்கும்போது செழிப்பாக இருக்கும் இச்செடி, வீட்டிற்குள் வந்த சில மாதங்களில் வாடத் தொடங்குவதுண்டு. இலை தொய்கிறது; மஞ்சள் நிறம் படர்கிறது. செடிக்குத் தாகம் என்று எண்ணி நாம் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். பல வேளைகளில் அத்தண்ணீரே செடியின் அழிவை விரைவுபடுத்துகிறது. அது எவ்வாறு என்பதையும், வாடிய செடியை எவ்வாறு மீட்கலாம் என்பதையும் இங்குக் காண்போம்.

நம் மாநிலத்துச் செடி

சிலிப்பர் ஆர்க்கிட் நமக்கு அந்நியமானதன்று. தங்காக் நகருக்கு அருகே 1,276 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் லேடாங் மலையில் 'பார்பாட்டம்' என்னும் இனம் இயற்கையாக வளர்கிறது. ஹியூ கூமிங் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து அனுப்பிய செடிகள் இங்கிலாந்தை அடைந்தன. 1841இல் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியல் அறிஞர் அதற்குப் பெயரிட்டார். 'பார்பாட்டம்' என்றால் தாடியுடையது என்று பொருள். இதழோரங்களில் கருநிற மருக்களும் அவற்றில் மெல்லிய மயிர்களும் இருப்பதே காரணம். 1972இல் மற்றோர் இனத்திற்கு 'ஜொகோரென்சிஸ்' என்று நம் மாநிலத்தின் பெயரையே சூட்டினர். பின்னர் அது 'புல்லேனியானம்' என்னும் இனத்தோடு சேர்க்கப்பட்டது.

மலையில் இச்செடி வாழும் இடத்தை அறிந்தால் வீட்டில் அதற்கு வேண்டியதும் விளங்கும். பாறை இடுக்குகளிலும் பாசியிலும் உதிர்ந்த இலைக்குவியலிலும் அது வேர்விடுகிறது. மழை அடிக்கடி பெய்தாலும் நீர் அங்கே தேங்குவதில்லை. மரநிழல் வெயிலைத் தடுக்கிறது. காற்று ஓயாமல் உலவுகிறது. ஈரம் உண்டு, தேக்கம் இல்லை. வெளிச்சம் உண்டு, கடும் வெயில் இல்லை. இவ்வளவே அதன் தேவை.

நோய் இலையில், காரணம் வேரில்

பால்மரத்தைத் தாக்கும் வெள்ளை வேர்நோயை நம்மில் பலர் அறிவோம். இலை வெளிறுவது கண்ணில் படும்போது மண்ணுக்குள் வேர் வெகுவாகக் கெட்டிருக்கும். இலைக்கு மருந்து தெளித்து அம்மரத்தைக் காக்க இயலாது. சிலிப்பர் ஆர்க்கிட்டின் நிலையும் அத்தகையதே.

வேறு பல ஆர்க்கிட் செடிகளுக்கு நீரைச் சேமித்துவைக்கும் தடித்த தண்டு உண்டு. சிலிப்பர் ஆர்க்கிட்டுக்கு அது இல்லை. ஆகவே முற்றும் காய்ந்தாலும் அது தாங்காது. அதே வேளையில், தொட்டியில் உள்ள மரப்பட்டை நாளடைவில் மக்கிச் சேறாகிவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது; வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் நீர் இருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது. அந்நிலையில் மேலும் நீர் ஊற்றுவது எஞ்சிய வேரையும் அழித்துவிடும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயல்பு. பல இலைகள் ஒருங்கே தொய்ந்தாலோ, செடி தொட்டியில் ஆடினாலோ, வேரைப் பார்த்தே ஆகவேண்டும்.

செடியை மீட்கும் முறை

1. செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து, பழைய கலவையை உதிர்த்து, வேரை நீரில் அலச வேண்டும். நல்ல வேர் கெட்டியாகவும், பழுப்பு நிறத்தில் மென்மயிரோடும் இருக்கும். நிறத்தை மட்டும் கண்டு அதனை அழுகியது என்று வெட்டிவிடக் கூடாது. விரலால் அழுத்தினால் நசுங்குவதும், தோல் கழன்று நார் மட்டும் எஞ்சுவதுமே அழுகிய வேர்.

2. கத்தியை நெருப்பில் காட்டி ஆறவைத்த பின்னர், அழுகிய பகுதியை மட்டும் நீக்க வேண்டும். இலையில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தில் இலவங்கப்பட்டைத் தூளைத் தடவலாம். வேரில் அது படலாகாது, வேரை உலர்த்திவிடும்.

3. புதிய கலவைக்குச் சிறு மரப்பட்டைத் துண்டுகளுடன் அடுப்புக்கரித் துண்டுகளைச் சேர்க்கலாம். தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பயன்படுத்தினால், அவற்றிலுள்ள உப்பு நீங்குமாறு சில நாட்கள் ஊறவைத்து நீரை மாற்றி வரவேண்டும். தோட்டத்து மண் ஆகாது.

4. வேர் அடங்கும் அளவுக்குச் சிறிய தொட்டியே போதும். பெரிய தொட்டியில் ஈரம் நெடுநாள் தங்கும். செடியின் அடிப்பகுதி கலவையில் சற்றே பதியவேண்டும், குருத்து புதையலாகாது.

5. வேர் மிகக் குறைந்துவிட்ட செடியை, ஈரப்பாசியோடு ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து நிழலில் காக்கலாம். நாள்தோறும் பையைத் திறந்து காற்றோட்டம் தரவேண்டும். வெயில் பட்டால் பைக்குள் செடி வெந்துவிடும்.

வீட்டினுள் வைக்கும் இடம்

கிழக்கு நோக்கிய சன்னலருகே, இளங்காலை வெயில் மட்டும் படும் இடம் ஏற்றது. பிற்பகல் வெயில் விழும் சன்னலானால் மெல்லிய திரை வேண்டும். இலை வெளிறினால் ஒளி மிகுதி. கரும்பச்சையாகி நீண்டு பூக்காமலிருந்தால் ஒளி குறைவு. அடைத்த அறையில் காற்றாடியின் மெல்லிய காற்று நன்மை தரும். குளிர்சாதனத்தின் உலர்ந்த காற்று நேராகப் படக்கூடாது.

இனத்தைத் தேர்வதும் முக்கியம். இலையில் கட்டம் கட்டமாக வெளிர்நிறம் படிந்த வகைகளுள் பல, சமவெளியின் வெப்பத்தைத் தாங்கும். ஒரே பச்சை நிற இலையும் உருண்டு பெருத்த மலரும் உடைய கலப்பினங்கள் குளிர்ந்த இரவை வேண்டுவன. கேமரன் மலையில் பூத்துக் குலுங்கிய செடி நம் வீட்டில் மறுமுறை பூக்காமலிருந்தால் அது நம் பராமரிப்பின் குறையாகாது.

நீரும் உரமும்

இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து நீர் ஊற்ற வேண்டாம். விரலைக் கலவைக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்து உலரும் தறுவாயில் காலையில் ஊற்ற வேண்டும். தொட்டியின் அடித்துளை வழியே நீர் முற்றும் வடியட்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். சுத்தமான மழைநீர் மிக நல்லது. இலைகளின் நடுக் குருத்தில் நீர் தங்கினால் இரவுக்குள் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் குருத்தழுகல் நேரும்.

பால்மரத்திற்கு இடும் உரத்தை இதற்கு இடலாகாது; அது வேரைக் கருக்கிவிடும். ஆர்க்கிட் உரத்தையும் குறிப்பிட்ட அளவில் கால் பங்கே கரைத்து ஊற்றலாம். மாதம் ஒருமுறை வெறும் நீரால் தொட்டியை நன்கு அலசவேண்டும். நலிந்த செடிக்குப் புது வேர் வரும்வரை உரமே வேண்டாம்.

மீட்சிக்குப் பல மாதங்களாகும். நடுவில் புதிய இலை தோன்றுவதும், தொட்டியில் செடி அசையாமல் நிற்பதும் நல்ல அறிகுறிகள். ஒருமுறை பூத்த தளிர் மீண்டும் பூக்காது. அதன் அடியில் எழும் இளந்தளிரே அடுத்த மலரைத் தரும். ஆகவே பூ உதிர்ந்ததும் செடியை வீசிவிடக் கூடாது.

மலைச்செடி மலையிலேயே இருக்கட்டும்

லேடாங் மலைக்குச் செல்வோர் அங்குள்ள செடியைப் பெயர்த்து வர எண்ணுதல் தகாது. மலையின் குளிருக்குப் பழகிய செடி, வேர் அறுபட்டு, வெப்பம் மிகுந்த வீட்டில் பிழைப்பது கடினம். ஒரு செடி விதையிலிருந்து வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகளாகும். பூங்காப் பகுதியில் அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றமும் ஆகும். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' என்னும் அனைத்துலக உடன்பாட்டில் மலேசியா 1977இல் இணைந்தது. 1990 முதல் நம் நாட்டுச் சிலிப்பர் ஆர்க்கிட் இனங்கள் அனைத்தும் அதன் மிகக் கடுமையான முதற்பட்டியலில் உள்ளன.

எனவே, நாற்றுப்பண்ணையில் விதையிலிருந்து வளர்த்த செடியையே கேட்டு வாங்குவோம். அது வாடும்போது நீர்க்குவளையைத் தேடுமுன் வேரைப் பார்ப்போம். வேரைக் காத்தால் மலர் தானே வரும்.