நாலு வாக்கியம் சொன்னால் அண்ணன் பேசுவாரா?

கேள்வி: வரப்புத் தகராறில் எனக்கும் அண்ணனுக்கும் 3 வருடமாகப் பேச்சு இல்லை. ‘ஹோஓபோனோபோனோ’ என்ற ஹவாய் முறைப்படி நான்கு வாக்கியங்களைத் தினமும் சொன்னால் உறவு சரியாகும் என்கிறார்கள். பலிக்குமா?
– ஒரு வாசகர், திருமழபாடி

தாராளமாகச் சொல்லுங்கள், உங்கள் படபடப்பு அடங்கும். ஆனால் பூஜை அறையில் முணுமுணுப்பது அண்ணன் காதில் விழாதே!

தனியாகச் செய்யும் இந்த முறை புதிது. மோர்னா சிமியோனா என்ற ஹவாய் மரபு வைத்தியர் 1976 வாக்கில் வகுத்தது. அந்த நான்கு வாக்கியங்கள் பரவியதோ 2007இல் வந்த ஒரு நூலால். பழைய முறையில் குடும்பமே கூடி உட்காரும். பெரியவர் ஒருவர் பிரார்த்தனையோடு தொடங்குவார். சண்டைக்காரர்கள் நேருக்கு நேர் பேசாமல் அவரிடம்தான் பேச வேண்டும். சூடு ஏறினால், எல்லாரும் கொஞ்ச நேரம் வாய்மூடி இருக்கச் சொல்வார். தவற்றை ஒப்புக்கொண்டு, மன்னித்து, கடைசியில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுவார்கள்.

இதற்கு ஹவாய் எதற்கு? தாய்மாமனை நடுவில் உட்கார வையுங்கள். வரப்பை சர்வேயர் அளக்கட்டும். மாமா முன் உட்காரும் அன்றைக்கு வரப்புப் பேச்சே வேண்டாம். பங்குனியில் உங்கள் ஊர் நந்தி கல்யாணத்துக்கு உறவெல்லாம் வருமே, அதைவிட நல்ல சாக்கு ஏது? ஆலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று ஈசனே கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சாமியே முதலில் பேசிய ஊர் உங்களுடையது. தம்பி முதலில் பேசினால் கௌரவம் ஒன்றும் குறையாது. இன்றைக்கே மாமாவுக்குப் போன் போடுங்கள்.