எண்ணெய் மூன்று, புளிப்பு ஒன்று

மங்கலம்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லி டாக்டர் சொன்னாராம், நீயும் பெங்களூரில் விலை கொடுத்து சாலட் டிரெஸ்ஸிங் பாட்டில்களாக வாங்கி அடுக்கினாயாம், பாதி தீர்வதற்குள் தேதி முடிந்து குப்பைக்குப் போகிறதாம். உன் அம்மா சொன்னாள். "அதை வீட்டிலேயே செய்ய முடியுமா பெரியப்பா?" என்று நீ கேட்டதற்கு போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். போனில் சொன்னால் பாதி காதோடு போய்விடும். எழுதினால் அடுக்களைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

செய்ய முடியும். மூன்று நிமிட வேலை. பிரெஞ்சுக்காரர்கள் வினிகிரெட் என்று சொல்லும் அந்த டிரெஸ்ஸிங்கில் இருப்பது எண்ணெய், வினிகர், உப்பு, கொஞ்சம் கடுகு, கொஞ்சம் மிளகு. உனக்குச் செய்முறையை மட்டும் சொன்னால் அந்த ஒன்றோடு நின்றுவிடுவாய். எந்தப் பொருள் எதற்காகச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த ஊரில் எது கிடைக்கிறதோ அதை வைத்துச் செய்துகொள்வாய். அதனால் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அளவு. எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு. உனக்கும் உன் அறைத் தோழிக்கும் ஒருவேளைக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் தாராளம். அதற்குக் கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் அரைத்த கடுகு, ஒரு சிட்டிகை மிளகுத்தூள். உனக்குப் புளிப்புப் பிடிக்கும் என்பதால் இரண்டரைக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று இறங்கிப் பார்க்கலாம். முதல் தடவை மட்டும் மூன்றுக்கு ஒன்றிலேயே நில். அடிப்படை ருசி தெரிந்தால்தான் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது விளங்கும்.

அடுத்தது வரிசை. பலரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் ஊற்றிய பிறகு போட்ட உப்பு அடியில் மணலாகக் கிடந்து, கடைசி வாய்க்குத்தான் கரிக்கும். ஆகவே வினிகரில் உப்பைப் போட்டு முழுக்கக் கரை. பிறகு கடுகு, மிளகு. எண்ணெய் கடைசியில், அதுவும் முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு மெல்லிய தாரையாக. ஒரு கை ஊற்ற, மறு கை முள்கரண்டியால் விடாமல் அடிக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் எல்லாவற்றையும் அதே வரிசையில் வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கு. அதுவும் சரிதான்.

கடுகு காரத்துக்கு மட்டும் என்று நினைக்காதே. எண்ணெயும் வினிகரும் எவ்வளவு அடித்தாலும் சற்று நேரத்தில் பிரிந்து நிற்கும். விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சைக் கலக்கும்போது, அரைத்த கல்மாவு தொட்டியின் அடியில் தங்கிவிடாமலிருக்க பென்டோனைட் களிமண் ஒரு சிறிய அளவு சேர்ப்போம். அது சேர்ந்தால் மாவு தண்ணீரில் மிதந்து நிற்கும். இங்கே கடுகுக்கு அந்த வேலை. கடுகுத் தோலில் இருக்கும் கொழகொழப்பும் அரைபட்ட நுண்துகள்களும் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் பிடித்துவைக்கும். தேன் சேர்ப்பதும் அதற்கு உதவும். நாம் தாளிப்பில் போடும் முழுக் கடுகு வாசனை தரும், இந்தப் பிடிமானத்தைத் தராது. அரைத்துத்தான் போட வேண்டும்.

அரைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடுகைப் பொடித்துப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விட்டால் காரம் ஏறும். ஏறிய பிறகு வினிகர் விட்டால் காரம் அந்த அளவிலேயே நிற்கும். முதலிலேயே வினிகரையோ வெந்நீரையோ ஊற்றினால் காரம் கிளம்பவே கிளம்பாது. எண்ணெயைப் பிடித்துவைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. நான்கைந்து முந்திரியை ஊறவைத்து, எலுமிச்சைச் சாறோடு மிக்ஸியில் வெண்ணெய் போல அரைத்து எண்ணெய் சேர்த்தால் கடுகே வேண்டாம், கெட்டியாக வரும். முந்திரிக்கு நம் கடலூர் மாவட்டத்துப் பிள்ளை வேறு எங்கும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

எண்ணெய்க்கு வருகிறேன். ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. வாங்க முடிந்தால் வாங்கு, வாங்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் எள்ளும் விளையும் பூமி நம்முடையது. விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் மல்லாட்டை, எள், முந்திரி மூன்றிலும் ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. நல்லெண்ணெயை மட்டும் ஊற்றினால் அதன் மணம் காயை அமுக்கிவிடும். இரண்டு பங்கு மல்லாட்டை எண்ணெய்க்கு ஒரு பங்கு நல்லெண்ணெய் கலந்து பார், மணமும் இருக்கும், காயும் தெரியும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஒத்துவராது. 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே அது உறைந்துவிடும், பெங்களூர்க் குளிரில் வெள்ளரிக்காய் மேல் மெழுகாக ஒட்டும். சீன, கொரியக் கடைகளில் விற்கும் கறுத்த நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அதில் சில சொட்டு போதும். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தவறியும் இதற்கு எடுக்காதே. சூடாக்காமல் சாப்பிடும் பண்டத்தில் எண்ணெயின் பழசு உடனே தெரியும்.

புளிப்பில் வினிகர் வாங்குவதானால் லேபிளைப் படி. 'சிந்தெடிக்' என்று போட்டிருந்தால் அது அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. விலை குறைவு, தீங்கு என்று சொல்ல மாட்டேன், ஆனால் புளிப்பைத் தவிர வேறு ருசி அதில் கிடையாது. பழத்திலிருந்தோ கள்ளிலிருந்தோ புளிக்கவைத்து எடுத்ததில் பின்ருசி உண்டு. ஆப்பிள் வினிகர் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கோவா, கேரளப் பக்கத்துத் தென்னங்கள் வினிகர் கிடைத்தால் விடாதே. எதுவும் இல்லையா, எலுமிச்சம்பழம் இருக்கிறது. சாற்றை அன்றன்றைக்குப் பிழி, பிழிந்து வைத்தது கசக்கும். மாங்காய்க் காலத்தில் துருவிய மாங்காயைப் பிழிந்து எடுத்த சாறு இன்னும் ருசி. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் என்பதால் அந்த நாட்களில் கரண்டிக் கணக்கை முழுதாக நம்பாமல் ருசி பார்த்துச் சேர். ருசி பார்க்கும் முறையும் முக்கியம். கரண்டியில் எடுத்து நேராக நாக்கில் விட்டால் தொண்டையைப் பிடிக்கும், புளிப்பு அதிகம் என்று ஏமாந்து எண்ணெயைக் கூட்டுவாய். வெள்ளரித் துண்டு ஒன்றைத் தோய்த்துத் தின்று பார்.

பாத்திரம் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? புளிப்பு அலுமினியத்தைத் தின்னும், வெள்ளீயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் களிம்பு ஏற்றும். கலக்குவதற்கு எவர்சில்வர் கிண்ணம் பரவாயில்லை. எடுத்துவைப்பதற்குக் கண்ணாடி அல்லது பீங்கான். பாட்டிலின் இரும்பு மூடி வினிகர் பட்டுத் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடி நல்லது. நன்றாகச் சூடேறிய சூளையில் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகவே மாறிவிடுகிறது, அதனால்தான் உப்பும் புளிப்புமான ஊறுகாயை ஆண்டுக்கணக்கில் பீங்கான் ஜாடியில் வைக்கிறோம். ஆனால் ஒன்று: அலங்காரத்துக்கு வண்ணம் தீட்டி விற்கும் பீங்கான் சாமான் எல்லாம் சாப்பாட்டுக்கு ஆகாது. மலிவான வண்ணப்பூச்சுகளில் காரீயம் இருக்கக்கூடும், புளிப்பு அதை இழுத்து வெளியே கொண்டுவரும். உள்பக்கம் படம், பூ எதுவும் இல்லாத ஊறுகாய் ஜாடியாகப் பார்த்து வாங்கு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது விருத்தாசலத்தில் நானே பார்த்து வாங்கித் தருகிறேன்.

இனி எச்சரிக்கை. பூண்டு போட்டால் மணமாகத்தான் இருக்கும். ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைக்காதே. காற்று படாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும், கெட்டுப்போன வாடைகூட வராது. பூண்டு, வெங்காயம், கொத்துமல்லி சேர்த்ததை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடு. எண்ணெய், வினிகர், உப்பு, பொடித்த கடுகு மட்டும் என்றால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். பிரிந்து நின்றால் பதறாதே, குலுக்கினால் சேரும்.

டிரெஸ்ஸிங் நன்றாக வந்தும் சாலட் கெட்டுப்போவது ஈரத்தால்தான். கழுவிய கீரையையும் லெட்டூஸையும் துணியில் ஒற்றி உலர்த்து. இலையில் தண்ணீர் இருந்தால் எண்ணெய் ஒட்டாது, எல்லாம் தட்டின் அடியில் குளமாக நிற்கும். டிரெஸ்ஸிங்கைச் சாப்பிட உட்காரும்போதுதான் ஊற்ற வேண்டும். உப்பு வெள்ளரியிலிருந்து நீரை இழுக்கும், எண்ணெய் இலைக்குள் ஊறி அதைத் துவளச் செய்யும். ராமநவமிக்குக் கோசுமல்லி செய்யும் உன் பெரியம்மா கடைசி நிமிடத்தில்தான் உப்பும் எலுமிச்சையும் சேர்ப்பாள், கவனித்திருப்பாய். அதுவும் எண்ணெய், புளிப்பு, உப்பு, கடுகுதான். ஆபீசுக்கு எடுத்துப் போவதானால் டிரெஸ்ஸிங்கைத் தனிச் சிமிழில் கொண்டு போ.

உடம்பு இளைக்க வேண்டும் என்று எண்ணெயே இல்லாமல் சாப்பிடவும் வேண்டாம். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெய்ச் சத்து இல்லாத டிரெஸ்ஸிங்கோடு சாலட் சாப்பிட்டவர்களின் உடம்பில் கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் ஏறக்குறைய ஏறவே இல்லை என்று கண்டார்கள். எண்ணெய் சேர்ந்தபோது ஏறியது. அதற்காகக் கொட்டிக்கொள்ளவும் கூடாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, சாலட்டில் விழுந்தாலும் அது எண்ணெய்தான். ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி டிரெஸ்ஸிங் போதும். கையால் பிரட்டினால் அதுவே எல்லா இலையிலும் படும்.

கடையில் வாங்கும் பாட்டிலின் பின்பக்கம் ஒருமுறை பார். எது அதிகமோ அது முதலில் வரும்படிதான் சேர்பொருள்களை அச்சிட வேண்டும் என்பது விதி. பல பாட்டில்களில் தண்ணீரோ சர்க்கரையோ முன்வரிசையில் இருக்கும். ஐ.என்.எஸ். 415 என்றிருந்தால் அது சாந்தன் கம், கடுகு செய்கிற வேலைக்குப் போட்டது. 211 என்றால் சோடியம் பென்சோயேட், மாதக்கணக்கில் கெடாமலிருக்க. அன்றன்றைக்குச் செய்கிற உனக்கு இரண்டும் தேவையில்லை.

பிரியா-சவரன் என்ற பிரெஞ்சுக்காரர் 1825-இல் வெளியிட்ட 'சுவையின் உடலியல்' என்ற நூலில் ஒரு செய்தி இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நாட்டை விட்டு லண்டனுக்குப் போன டால்பின்யாக் என்பவர் அங்கே பணக்கார வீடுகளுக்குப் போய் சாலட் கலந்து கொடுத்தே சொத்துச் சேர்த்தாராம். மரப்பெட்டியில் எண்ணெயும் வினிகரும் வைத்துக்கொண்டு வண்டியில் வீடு வீடாகப் போவாராம். அந்த வீடுகளில் எண்ணெயும் வினிகரும் இல்லாமலா இருந்தது? அளவு தெரிந்த கைக்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். இன்றைக்குப் பாட்டிலுக்கு நீ கொடுப்பதும் அதற்குத்தான்.

ஆகவே, பாப்பா, இன்னொரு பாட்டில் வாங்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றுக்கு ஒன்று என்று அளந்து ஒரே ஒரு வேளைக்குச் செய். அடுத்த வாரம் எண்ணெயை மாற்று, அதற்கடுத்த வாரம் புளிப்பை மாற்று. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்று தெரியும். இது சமையலுக்கு மட்டும் இல்லை, நீ பார்க்கும் வேலைக்கும் பொருந்தும். கை பழகும்வரை கரண்டியை நம்பு, பழகிய பிறகு நாக்கை நம்பு.

அன்புடன்,
பெரியப்பா