ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்

இந்தக் கிழமை எபிசோட்டில் சம்பா பற்றிக் கதைத்தோம் (அரிசி இல்லை!). 1991-92இல் கான்பராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கிய அந்த மென்பொருளால்தான் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒரே பெட்டியில் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிருது. நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயம், தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்காக.

ஸ்காபரோவில் ஒரு சங்கத்தின் லினக்ஸ் சேமிப்புப் பெட்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ‘பெரியோர் குரல்’ என்று இரண்டு ஃபோல்டர். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். “டூப்ளிக்கேட் அண்ணை, ஒன்றை அழிச்சு விடட்டோ?” என்றார் தம்பி ஒருவர். பொறுங்கோ என்று திறந்து பார்த்தால் இரண்டிலும் வேறு வேறு ஒலிப்பதிவுகள். பேசினவர்களில் சிலர் இப்ப உயிரோடு இல்லை.

காரணம் ‘யோ’. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம்; இரட்டைக் கொம்பும் அரவும் (துணைக்கால்) என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. 1998இல் மேக் ஓஎஸ் 8.1உடன் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை, நீங்கள் எப்படி எழுதினாலும் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸோ பைட்டுகளை மட்டும்தான் பார்க்கும். ‘கோப்பு’ என்ற சொல்லையே எடுங்கோ: யூடிஎஃப்-8இல் சேர்த்து எழுதினால் 18 பைட், பிரித்தால் 21. அதுக்கு இவை இரண்டு பெயர்கள்.

ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள்தான் இப்படிப் பிரியும். தனி ‘ஔ’வும் பிரியும். ‘அம்மா’வுக்குப் பயமில்லை, ‘தோட்டம்’ மாட்டும். மொன்றியலைப் பிரெஞ்சில் எழுதுபவர்களுக்கும் இதே தலையிடிதான், அவர்களுக்கு மேற்குறி பிரியும். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் பெயரைக் கொடுத்தபடியே வைக்குது. ஆனால் அலுமாரியில் கிடக்கும் பழைய பேக்கப் டிரைவுகள் மாறவில்லையே.

அவற்றிலிருந்து லினக்ஸுக்கு ஆர்சிங்க்கால் (இதுவும் ட்ரிட்ஜெலின் கைவேலைதான், 1996) நகல் எடுத்தால், ‘ஐகான்வ்’ என்ற தெரிவில் முதலில் யூடிஎஃப்-8-மேக், கமா போட்டு யூடிஎஃப்-8 என்று கொடுங்கோ. போகும் வழியிலேயே பெயர்கள் சேர்ந்துவிடும். இது பதிப்பு 3.0 தொடங்கித்தான் இருக்கு. மேக்கோடு பல வருடம் வந்தது 2.6.9, அதில் இல்லை. புதிதாக நிறுவுங்கோ.

ஏற்கெனவே வந்து சேர்ந்த பெயர்களுக்கு லினக்ஸில் கன்வ்எம்வி என்ற சின்னக் கருவி. ‘என்எஃப்சி’ தெரிவோடு ஓட்டினால் எதை எப்படி மாற்றும் என்று காட்டும். ‘நோடெஸ்ட்’ சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். முதல்முறை அதைச் சேர்க்காமல் ஓட்டிப் பாருங்கோ.

இரட்டையாக நிற்கும் ஃபோல்டர்களைக் கருவியிடம் விடாதீர்கள். அந்தச் சங்கத்தில் இரண்டையும் வேறு பெயருக்கு மாற்றி, ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டு, மூன்றாவது ஃபோல்டரில் சேர்த்தோம். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.